வலைக்கூரை மேல் உதிரும் ஓக்

புளோரிடாவில் இலையுதிர்காலம் மாசி, பங்குனியில் வருகிறது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் அக்டோபர், நவம்பருக்குள் மரங்கள் மொட்டையாகிவிடும். புளோரிடாவின் லைவ் ஓக் மரமோ குளிர்காலம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். பிப்ரவரி வாக்கில் புதுத் தளிர் முட்டும்போதுதான் பழைய இலைகளை மொத்தமாகக் கொட்டும். தோல் போலத் தடித்த சின்ன இலைகள் அவை. பின்னாலேயே பழுப்பு நிறப் பூச்சரங்கள் உதிரும், அவற்றோடு மஞ்சள் மகரந்தமும் வந்து படியும். புறநகர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் இவற்றில் பெரும்பகுதி மண்ணைத் தொடுவதே இல்லை. நீச்சல் குளத்துக்கு மேலே கட்டியிருக்கும் வலைக்கூரையில் தங்கிவிடுகிறது.

அலுமினியச் சட்டங்களை நிறுத்தி, பக்கவாட்டிலும் மேலேயும் கொசுவலையை இழுத்துக் கட்டிய கூண்டு அது. கோழிக்குஞ்சுகள் மேல் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதுபோல, குளத்தையும் அதைச் சுற்றிய தளத்தையும் சேர்த்து மூடியிருப்பார்கள். வெயிலும் மழையும் காற்றும் உள்ளே வரலாம், கொசு வரக்கூடாது என்பது ஏற்பாடு. ஃபோர்ட் மையர்ஸ், கேப் கோரல், சரசோட்டா, ஆர்லாண்டோ வட்டாரங்களில் விமானம் தாழ இறங்கும்போது சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வீட்டுக்கு வீடு இந்தக் கூண்டுகள் தெரியும். வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இவ்வளவு நெருக்கமாக இவற்றைக் காண முடியாது.

வலை கொசுவைத் தடுத்தது. கூடவே மரத்தையும் தடுத்தது. எந்தப் பூச்சிக்காக ஓட்டைகளைச் சிறிதாக்கினார்களோ, அந்தப் பூச்சியைவிட ஓக் இலையும் பைன் ஊசியும் பல மடங்கு பெரியவை. உள்ளே விழ முடியாத சருகு மேலேயே கிடந்து, நனைந்து, மட்கி, வலையைத் தொங்க வைக்கும். ஆண்டுதோறும் யாராவது ஏணியும் நீளக் கழியும் எடுத்து அதைத் தள்ளியாக வேண்டும். இந்த வேலை எப்படி வந்தது என்று தேடினால், புளோரிடாக்காரர்கள் கொசுவோடு நடத்திய இருநூறு ஆண்டுச் சண்டைக்குப் போக வேண்டியிருக்கிறது.

1824 முதல் 1845 வரை புளோரிடாவில் ‘மஸ்கிட்டோ கவுண்டி’ என்றே ஒரு மாவட்டம் இருந்தது. கொசுவின் பெயரைச் சுமந்த இடத்தில் மனை வாங்க யாருக்கு மனம் வரும்? புளோரிடா மாநிலமான அதே 1845இல் அது ‘ஆரஞ்சு கவுண்டி’ ஆனது. இன்று ஆர்லாண்டோ நகரம் இருப்பது அந்த மாவட்டத்தில்தான். பெயரை மாற்றினார்களே தவிர, சதுப்பு நிலமும் உவர்க்கழியும் அப்படியே இருந்தன.

மாநிலத்தின் தென்முனையில், ஃபிளமிங்கோ ஊரிலும் பத்தாயிரம் தீவுகள் என்னும் அலையாத்திக் காட்டுப் பகுதியிலும் குடியேறியவர்கள் கருங்கண்டல் மரக்கட்டையைப் புகைய விட்டு அந்தப் புகைக்குள்ளேயே வாழ்ந்தார்கள். வாசலில் குட்டைப் பனையின் ஓலையால் செய்த துடைப்பம் ஒன்று தொங்கும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு சின்ன முன்னறை. அதில் நின்று தலை, தோள், முதுகு எல்லாவற்றையும் அந்தத் துடைப்பத்தால் தட்டி, ஒட்டிவந்த கொசுக்களை உதறிவிட்டுத்தான் உள்கதவைத் திறக்க வேண்டும். சன்னலுக்கு மெல்லிய பருத்தித் துணி. வெளியே இருப்பதை வெளியிலேயே உதறுவதற்கென ஓர் இடமும் ஒரு துடைப்பமும் புளோரிடா வீட்டில் வலைக்கு முன்னரே இருந்திருக்கின்றன.

அன்று கொசுவைத் தொல்லையாகத்தான் பார்த்தார்கள், எமனாகப் பார்க்கவில்லை. 1888இல் ஜாக்சன்வில் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது ஏறத்தாழ 5,000 பேர் படுத்தார்கள், 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று நம்பித் தெருவில் தாரை எரித்தார்கள். அதிர்ச்சியில் கிருமி சாகும் என்று பீரங்கிகூட வெடித்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சுகாதார வாரியம் அமைந்தது. ஆனால் பக்கத்திலேயே, கியூபாவின் ஹவானாவில், கார்லோஸ் ஃபின்லே என்ற மருத்துவர் 1881இலேயே குற்றவாளி கொசுதான் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரிதான் என்று வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவக் குழு உறுதி செய்ய 1900 ஆனது.

மலேரியாவின் கதையும் அதே காலத்தில்தான் தெளிந்தது. இந்திய மருத்துவப் பணியின் சென்னைப் பிரிவில் 1881இல் சேர்ந்த ரொனால்ட் ராஸ், 1897 ஆகஸ்ட் மாதம் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1900 கோடையில் லூயி சாம்பன், ஜார்ஜ் லோ என்ற இரண்டு மருத்துவர்கள் இத்தாலியில், ரோமுக்கு அருகே ஆஸ்டியாச் சதுப்பில், வலையடித்த மரக்குடிசை ஒன்றில் தங்கிக்காட்டினார்கள். பகலில் அக்கம்பக்கத்தாரைப் போலவே வெளியே திரிந்தார்கள், அதே தண்ணீரைக் குடித்தார்கள், பொழுது சாய்வதற்குள் வலைக்குள் வந்துவிட்டார்கள். சுற்றுவட்டாரமே காய்ச்சலில் நடுங்கியது. அந்தக் குடிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சன்னலில் வலையடிப்பது அன்று முதல் மருத்துவக் காரியம் ஆனது. பனாமாக் கால்வாய் வெட்டும்போது வில்லியம் கோர்கஸ் ஊழியர் வீடுகளின் தாழ்வாரங்களுக்கெல்லாம் செம்புக் கம்பிவலை அடிக்க வைத்தார்.

வலை அதற்கு முன்பே கடைக்கு வந்திருந்தது, நோய்க்காக அல்ல. கனெக்டிகட் மாநிலத்தில் 1818இல் குதிரைமயிர்ச் சல்லடை பின்னத் தொடங்கி, பிறகு கம்பிச் சல்லடைக்கு மாறிய கில்பர்ட் அண்ட் பென்னட் என்ற நிறுவனம் ஒன்று இருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டதும் தென் மாநிலச் சந்தை கைவிட்டுப் போனது. கிடங்கில் தேங்கிய சல்லடைத் துணிக்கு வண்ணம் பூசி, சன்னலுக்கு ஈ வலையாக விற்றார்கள். மாவைச் சலிக்கப் பிறந்த பொருள் இப்படித்தான் வீட்டைச் சலிக்க வந்தது. புளோரிடாவின் நீச்சல் குளங்கள் மீது மரத்தைச் சலித்துக்கொண்டிருக்கும் வலைக்கு மூதாதை இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலையடித்த தாழ்வாரம் புளோரிடா வீட்டின் முக்கிய அறையாகிவிட்டது. சாப்பாடு அங்கே, பகல் தூக்கம் அங்கே, கோடை இரவில் படுக்கையும் அங்கே. 1928இல் கிராஸ் கிரீக் என்ற குக்கிராமத்துக்கு ஆரஞ்சுத் தோட்டம் வாங்கிக் குடிவந்த எழுத்தாளர் மார்ஜரி கின்னன் ராலிங்ஸ், முன்தாழ்வார மேசையில் தட்டச்சுப் பொறியை வைத்துத்தான் எழுதினார். புலிட்சர் பரிசு பெற்ற அவருடைய ‘தி இயர்லிங்’ நாவலின் உலகம் அந்த வட்டாரத்துக் காடுதான். அந்த வீடு இப்போது மாநிலப் பூங்கா.

அந்தக் காலத்து வலை இரும்பு. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அடிக்கடி வண்ணம் பூச வேண்டும். வசதியுள்ளவர்கள் செம்பு அடித்தார்கள். அது பச்சை பூத்துச் சுவரில் கறை வடியும். தாழ்வாரத்தின் வலை செங்குத்தாக நின்றதால் சருகு அதில் தங்காது. சிலந்திக்கூட்டையும் தூசியையும் ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது. மரம் கொட்டுவதையெல்லாம் மேலே இருந்த பலகைக் கூரையோ தகரக் கூரையோ வாங்கிக்கொண்டது.

மரம் கொட்டியதைக் குப்பை என்று அன்று எல்லோரும் நினைத்ததும் இல்லை. ஓக் கிளைகளிலிருந்து சாம்பல் நிறச் சடை போலத் தொங்கும் ‘ஸ்பானிஷ் பாசி’ பெயருக்குத்தான் பாசி. உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தின் சாற்றை உறிஞ்சாமல் காற்றிலும் மழையிலும் கிடைப்பதைக் கொண்டு வாழ்வது. கொக்கி மாட்டிய நீளக் கழியால் அதை இழுத்துக் குவித்து, ஈரத்தில் ஊற வைத்து மேல்தோலை அழுக விட்டால், உள்ளே கறுப்பு நார் மிஞ்சும். அதைச் சுத்தப்படுத்தும் ஆலைகள் கெய்ன்ஸ்வில், ஒக்காலா பக்கம் ஓடின. மெத்தை, சோபா, வண்டி இருக்கை எல்லாவற்றுக்கும் அந்த நார் திணிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயற்கை நுரைமெத்தை வந்து அந்தத் தொழிலை முடித்தது. காசு கொடுத்து வாங்கிய பொருள், ஒரு தலைமுறைக்குள் காசு கொடுத்து அப்புறப்படுத்தும் பொருளாகிவிட்டது. கழி மட்டும் மாறவில்லை.

போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் புளோரிடாவே வேறாகிப் போனது. ராணுவத்துக்காகப் பூச்சிக்கொல்லிகளைச் சோதிக்க அமெரிக்க வேளாண் துறை ஆர்லாண்டோவில் நடத்திய ஆய்வுக்கூடத்தில்தான் டிடிடியின் வலிமை கொசுவிடமும் பேனிடமும் சோதித்துப் பார்க்கப்பட்டது. போர் முடிந்ததும் அதைத் தெருத்தெருவாகத் தெளித்தார்கள். அதற்கான நிர்வாகம் புளோரிடாவுக்குப் புதிதல்ல. மாநிலத்தின் முதல் கொசு ஒழிப்பு மாவட்டம் இந்தியன் ரிவர் கவுண்டியில் 1925இலேயே அமைந்திருந்தது. ஆனாலும் 1950இல் சனிபெல் தீவில் வைத்த ஒற்றை விளக்குப் பொறியில் ஒரே இரவில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான கொசுக்கள் விழுந்தன. அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில்தான், ஏழு ஆண்டு கழித்து, லியோனார்டு ரோசன், ஜாக் ரோசன் என்ற சகோதரர்கள் கேப் கோரலைத் தொடங்கினார்கள். தாழ்நிலத்தைத் தோண்டிக் கால்வாய் ஆக்கினார்கள், அந்த மண்ணைக் கொட்டி மனை ஆக்கினார்கள். கால்வாய்களின் மொத்த நீளம் சுமார் 640 கிலோமீட்டர். வட மாநிலங்களில் பனியில் விறைத்திருந்தவர்களுக்கு மாதத் தவணையில் வெயிலை விற்ற வியாபாரம் அது.

வாங்கியவர்கள் குளமும் கேட்டார்கள். வீட்டு நீச்சல் குளம் ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்களின் ஆடம்பரம். தாமஸ் ஆல்வா எடிசன் தன் ஃபோர்ட் மையர்ஸ் குளிர்கால வீட்டில் 1910இல், தன் நிறுவனத்து சிமெண்டைக் கொண்டே ஒன்று கட்டினார். மாநிலத்தின் முதல் வீட்டுக் குளங்களில் அதுவும் ஒன்று. போருக்குப் பின் கான்கிரீட்டைக் குழாய்வழிப் பீய்ச்சிக் குளம் கட்டும் முறை பரவியதும் செலவு குறைந்து, நடுத்தரக் குடும்பத்துக்கும் குளம் எட்டியது.

குளம் வந்துவிட்டது, சாயங்காலம் கொசுவும் வந்துவிட்டது. சன்னலுக்கும் தாழ்வாரத்துக்கும் அடித்த வலையைக் குளத்துக்கும் நீட்டினால் என்ன? இரும்பும் மரமும் இருந்த காலத்தில் இது நடக்காத காரியம். அவ்வளவு அகலத்துக்கு மரச்சட்டம் வளையும், கரையான் அரிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். போர் விமானங்களுக்காகப் பெருகிய அலுமினிய ஆலைகள் சமாதான காலத்தில் புதுச் சந்தை தேடிக்கொண்டிருந்தன. அச்சில் தள்ளி நீளநீளமாக எடுத்த உள்ளீடற்ற அலுமினியச் சட்டம் எடை குறைவு, துருவும் ஏறாது. அலபாமாவின் டஸ்கலூசா நகரில் 1952இல் ரீஸ் ஃபைஃபர் தொடங்கிய ஆலை அலுமினியக் கம்பியில் பூச்சிவலை நெய்தது. பிறகு வினைல் பூசிய கண்ணாடியிழை வலை வந்தது. கிழிந்தால் வெட்டியெடுத்துவிட்டுப் புதிதை விரித்து, சட்டத்தின் பள்ளத்தில் ரப்பர் கயிற்றை உருளையால் அழுத்தி மாட்டிவிடலாம். ஒரு பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

குளத்தின் மேல் கூரை என்ற எண்ணத்தைக் கட்டடக் கலைஞர்கள் வேறு வழியில் முயன்றதும் உண்டு. 1953இல் சரசோட்டாவின் லைடோ ஷோர்ஸ் பகுதியில் பால் ருடால்ஃப் வடிவமைத்த ‘குடை வீடு’ உலகப் புகழ் பெற்றது. வீட்டுக்கும் குளத்துக்கும் சேர்த்து மேலே மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கிய ஒரு பந்தல். நிழல் தரும், காற்றை விடும். 1966இல் ஆல்மா புயல் அந்தக் குடையைச் சிதைத்தது. அது முழுசாகத் திரும்பக் கட்டப்பட 2015 ஆனது. ருடால்ஃபின் குடை வெயிலைப் பார்த்தது, கொசுவைப் பார்க்கவில்லை. ஊரார் எடுத்துக்கொண்டது அழகு குறைந்த அலுமினியக் கூண்டை.

குளிர்சாதன வசதி இதில் எதிர்பாராத பங்கு வகித்தது. 1960இல் புளோரிடா வீடுகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் ஏசி இருந்தது. இருபது ஆண்டுகளில் பெரும்பாலான வீடுகளுக்கு அது வந்துவிட்டது. சன்னல்கள் சாத்தப்பட்டன, முன்தாழ்வாரம் வெறிச்சோடியது. தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்த குடும்பம் கொல்லைப்பக்கம் திரும்பி, குளத்தோரக் கூண்டுக்குள் நாற்காலியைப் போட்டது. வலை அதுவரை சுவரில் மட்டும் இருந்தது. இப்போது முதல்முறையாகக் கூரையாகப் படுத்தது. சருகுக்கும் வலைக்கும் தகராறு தொடங்கியது அப்போதுதான்.

தகராறின் கணக்கு இழைகளில் இருக்கிறது. குளக்கூண்டுக்கு வழக்கமாகப் போடும் கண்ணாடியிழை வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு திசையில் 18 இழை, மறு திசையில் 14. ஒவ்வோர் ஓட்டையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் அகலம். கொசுவுக்கு இது போதும். கடற்கரையிலும் கழிமுகத்திலும் கண்ணுக்கே தெரியாமல் கடிக்கும் குட்டி ஈக்களுக்குப் போதாது. அவற்றைத் தடுக்க 20க்கு 20 வலை போடுகிறார்கள். ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். பூச்சி குறையும், காற்றும் குறையும், மரத்தின் துகள் கூடுதலாகத் தங்கும். ஓக் மகரந்தம் மட்டும் எந்த வலைக்கும் அடங்காது. மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும் அந்தப் பொடி நேராக இறங்கித் தண்ணீர் மேல் மஞ்சள் படலம் கட்டும்.

ஆண்டின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு மரம் பொறுப்பு. மாசியிலும் பங்குனியிலும் ஓக் இலையும் பூச்சரமும். கோடை மழைக்காலத்தில் காற்றுக்கு ஒடியும் சுள்ளிகள், அவற்றோடு ஸ்பானிஷ் பாசிக் கற்றைகள். அக்டோபரிலிருந்து சதுப்புச் சைப்ரஸ் மரத்தின் இறகு போன்ற இலை செம்பழுப்பாகி உதிரும், ஓக் கொட்டைகளும் விழும். எல்லாவற்றிலும் பொல்லாதது ஸ்லாஷ் பைன். ஒரு சாண் நீளமுள்ள அதன் ஊசி விழும் வேகத்தில் வலை ஓட்டைக்குள் குத்திட்டு நிற்கும். அதைத் துடைப்பத்தால் தேய்த்தால் இழை விலகும். ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ராயல் பனையின் மட்டை விழுந்தாலோ துடைக்கும் பேச்சே இல்லை. 20 கிலோவுக்கும் மேல் எடையிருக்கும் மட்டை வலையைக் கிழித்துக்கொண்டு குளத்தில்தான் நிற்கும்.

காய்ந்த சருகு கனமில்லாதது. சிக்கல் மழைக்குப் பின். நனைந்த இலை ஒன்றோடொன்று ஒட்டித் தகடாகி, மூலையில் சேர்ந்து, அந்தக் கட்டத்து வலையைத் தொட்டில் போலத் தொங்க வைக்கும். நிழலில் காயாத இடத்தில் பச்சைப் பாசியும் கறுப்புப் பூஞ்சையும் படரும். ஓக் இலையின் துவர்ப்புச்சாறு மழைநீரில் கரைந்து சொட்டி, தளத்திலும் குளத்துப் பூச்சிலும் பழுப்புக் கறையாகும். தண்ணீரில் கலந்த இலைத்துகள் குளோரினைத் தின்றுவிடும். கூண்டு வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் ஓர் அகலமான அலுமினிய வடிகால் ஓடும். வீட்டுக் கூரைத் தண்ணீரை வாங்குவதும் அதுதான், கூண்டின் உத்திரங்களைத் தாங்குவதும் அதுதான். வழிந்து வரும் சருகெல்லாம் கடைசியில் அங்கேதான் அடையும். அடைத்தால் தண்ணீர் பின்பக்கம் ஏறி, கூரையோரப் பலகையை ஊறவைத்து அழுக வைக்கும்.

இதற்கென ஒரு தொழில் உருவானது. குளத்துக்கு வாரம் ஒருமுறை வந்து மருந்து பார்த்துப் போகிறவர் வலைக்கூரையைத் தொடமாட்டார். வலை மாற்றுகிறவர், அழுத்த நீரடித்துக் கழுவுகிறவர், வடிகால் தூர்வாருகிறவர் என்று ஆள் தனித்தனி. கைதேர்ந்தவர்களின் முதல் விதி: சருகு காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்கு. இரண்டாவது: மேலேறாதே, கீழிருந்து வேலை செய். கூண்டுக்குள் நின்று காற்று ஊதும் கருவியை அண்ணாந்து பிடித்தால் வலை அதிர்ந்து சருகு துள்ளி ஓரத்துக்கு நகரும். மிச்சத்தை, நீட்டிச் சுருக்கும் கழியில் மாட்டிய மென்மயிர்த் துடைப்பத்தால் அடியிலிருந்து உந்திச் சரிவுப் பக்கம் தள்ளுவார்கள். ஒட்டிக்கொண்டதற்குக் கீழிருந்தே தண்ணீர் பீய்ச்சுவார்கள். கூரை, வடிகால், தளம், குளம் என்று மேலிருந்து கீழாக வருவதுதான் வரிசை. மாற்றிச் செய்தால் இரட்டை வேலை. பாசிக்கு நீர்த்த பிளீச்சிங் திரவத்தைத் தெளித்துச் சற்று ஊறவிட்டு, அழுத்தமில்லாத நீரில் அலசுகிறார்கள். அழுத்தம் கூடினால் பள்ளத்தில் மாட்டிய ரப்பர் கயிறு பிடுங்கிக்கொள்ளும். தெரியாதவர்கள் செய்யும் பெரும்பிழை சட்டத்தின் மேல் நடப்பது. உள்ளே வெறுமையான சட்டம் அது. வலையைத் தாங்கக் கட்டியதே தவிர ஆளைத் தாங்க அல்ல.

வலையைத் தாண்டி விழுந்ததை அள்ளுவதற்கு உலகம் வேறு வழி கண்டது. 1974இல் தென்னாப்பிரிக்காவில் ஃபெர்டினாண்ட் ஷோவியே என்பவர் குளத்தின் அடியில் தானே ஊர்ந்து குப்பையை உறிஞ்சும் கருவியைச் செய்து ‘கிரீப்பி கிராலி’ என்று பெயரிட்டார். அது அமெரிக்கச் சந்தைக்கும் வந்தது. குளத்தின் அடிக்கு இயந்திரம் வந்து இத்தனை ஆண்டாகியும், வலைக்கூரையின் மேலே அப்படி ஊர்ந்து பெருக்கும் கருவி எதுவும் பரவலாக வரவில்லை. அங்கே இன்னும் கழிதான், கைதான்.

கூண்டைச் சட்டம் கவனிக்கத் தொடங்கியது குழந்தைகளால், பிறகு புயல்களால். 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், புதிய வீட்டுக் குளங்களுக்குக் குழந்தை தவறி விழாதபடி தடுப்பு முதலான ஏதேனும் ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றது. வலைக்கூண்டையே அந்தத் தடுப்பாகக் கொள்ள வழி இருந்தது. 1992இல் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே வீடுகளைத் துடைத்தெறிந்த பாடத்திலிருந்து பிறந்த மாநிலம் தழுவிய கட்டட விதிகள் 2002 மார்ச்சில் அமலுக்கு வந்தன. ஏறத்தாழ இரண்டரை ஆண்டில் சோதனை வந்தது. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயல் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறி, புண்டா கோர்டாவைக் குலைத்தது. ஏறத்தாழ ஆறு வாரத்தில் பிரான்சிஸ், ஐவன், ஜீன் என்று மேலும் மூன்று புயல்கள். புதிய விதிப்படி கட்டிய பல வீடுகள் நின்றன, பக்கத்திலேயே குளக்கூண்டுகள் சுருண்டு கிடந்தன. துருப்பிடித்த திருகாணி, போதாத குறுக்குத் தாங்கி, பலவீனமான அடிப்பிடிப்பு என்று காரணங்கள் எழுதப்பட்டன.

வலை காற்றை விட்டுவிடும் என்பது பாதி உண்மைதான். இழை நெருங்க நெருங்க அலுமினியச் சட்டம் தாங்க வேண்டிய சுமை கூடும். விதிகளின் அட்டவணையில் 20க்கு 20 வலைக்குக் கணக்கிட்ட சுமையில் 88 விழுக்காடு 18க்கு 14 வலைக்குப் போதும் என்றிருப்பது அதனால்தான். அந்தக் கணக்கு சுத்தமான வலைக்குப் போட்டது. பாசி படிந்து, ஊசியிலை செருகி, மூலையில் சருகு மட்கிய வலை காற்றுக்குப் பாதிச் சுவராகிவிடும். மணிக்கு 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வரும் என்று தெரிந்தால் வலையையே வெட்டியோ கழற்றியோ விட்டுவிடும்படி கூண்டை வடிவமைக்கவும் விதிகளில் வழி உண்டு. வலை போனால் போகட்டும், சட்டம் பிழைக்கட்டும் என்ற கணக்கு. 2004க்குப் பிறகு பல காப்பீட்டு நிறுவனங்கள் கூண்டைச் சாதாரணப் பாலிசியிலிருந்து விலக்கி, தனிக் கட்டணம் கேட்கத் தொடங்கியதும் இந்தக் கணக்குக்கு வலுச் சேர்த்தது. ஜூன் முதல் தேதி புயல் பருவம் அதிகாரபூர்வமாகத் தொடங்குவதற்குள் கூரையைப் பெருக்கிவிடும் வழக்கம் இப்படித்தான் ஊன்றியது. ஓக் மரமும் ஏப்ரலுக்குள் கொட்டி முடித்துவிடுகிறது.

பிரச்சினை மரத்தில் இருந்தால் மரத்தை வெட்டினால் என்ன என்று கேட்பவர்கள் புளோரிடாவிலும் நிறைய. பல நகரங்கள் பெரிய ஓக் மரங்களைப் பாதுகாக்கச் சட்டம் வைத்திருக்கின்றன. அனுமதியின்றிக் கோடரி வைத்தால் அபராதம். 2019இல் மாநிலச் சட்டமன்றம் குறுக்கிட்டு, தகுதிபெற்ற மர வல்லுநர் ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் வீட்டு உரிமையாளர் உள்ளூர் அனுமதி இல்லாமலே மரத்தை அகற்றலாம் என்றது. அந்தச் சலுகையின் மறைவில் நல்ல மரங்களும் சாய்ந்ததாகப் புகார் எழ, 2022இல் எது ஆபத்து என்பதற்கு இலக்கணம் வகுத்துச் சட்டத்தை இறுக்கினார்கள். கூண்டின் மேல் சருகு கொட்டுவது அந்த இலக்கணத்தில் வராது.

2023 கோடையில் சரசோட்டா கவுண்டியில் ஏழு பேருக்கு மலேரியா கண்டது. வெளிநாடு போய் வந்ததால் தொற்றியது அல்ல, உள்ளூர்க் கொசு கடித்து வந்தது. 1951 வாக்கில் அமெரிக்காவை விட்டே ஒழிந்ததாகக் கருதப்பட்ட நோய், புளோரிடாவில் உள்ளூரில் பரவியது 2003க்குப் பிறகு அதுவே முதல் தடவை. கிழிந்த வலையைத் தைத்துவைக்கவும் தேங்கிய நீரைக் கொட்டவும் மாநிலச் சுகாதாரத் துறை மக்களிடம் சொல்வது புதிய அறிவுரை அல்ல. தண்ணீரை வடித்துவிடச் சொல்லும் இடங்களின் பட்டியலில் பூந்தொட்டித் தட்டு, வாளி, பழைய டயரோடு கூரை வடிகாலும் உண்டு. வலைக்கூரையிலிருந்து வழிந்த ஓக் சருகு கூண்டும் சுவரும் சேரும் வடிகாலை அடைத்தால், அங்கே ஒரு வாரம் நிற்கும் மழைநீர் கொசு முட்டையிட்டுப் பொரிந்து பறக்கப் போதுமானது. கொசுவுக்கு எதிராகக் கட்டிய கூண்டே, பெருக்காமல் விட்டால், தன் விளிம்பில் கொசு வளர்க்கும்.